பக்கத்து மேஜையில் மணி அடிக்கிறதா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் பழைய பானாசோனிக் இன்டர்காம். பக்கத்து மேஜையில் மணி அடித்தால் நம் போனிலேயே எடுக்க ஏதோ எண் உண்டாமே? கூட வந்த புத்தகம் தொலைந்துவிட்டது. – வாசகி, திருச்சி

பதில்: பதினெட்டு வருடம் இந்தப் பெட்டிகளை மாட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், மேஜை மேல் இருக்கும் போனைப் பார்த்துத் தேடாதீர்கள். சுவரில் மாட்டியிருக்கிறதே பெட்டி, அதில்தான் தேவையான மாடல் எண் இருக்கும். தூசியைத் துடைத்துப் பாருங்கள். அந்த எண்ணோடு ‘யூசர் மேனுவல்’ என்று சேர்த்துத் தேடுங்கள். ‘இன்ஸ்டலேஷன் மேனுவல்’ எங்களைப் போன்றவர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம்.

கேஎக்ஸ்-டிடிஏ100 என்று இருந்தால், ரிசீவரை எடுத்து ஸ்டார் 41, அப்புறம் மணி அடிக்கும் போனின் எக்ஸ்டென்ஷன் எண் (ஆபீஸுக்குள் அந்த போனை அழைக்கும் எண்). 105-ஆம் எண் போனில் மணி அடித்தால் *41105. அவ்வளவுதான், அழைப்பு உங்களிடம் வந்துவிடும். வெளியே போகும்போது உங்கள் அழைப்புகளை 105-க்குத் திருப்ப *7102105#. ரத்து செய்ய *7100.

இவை கம்பெனி வைத்து அனுப்பும் எண்கள். மாட்டியவர் மாற்றியிருக்கலாம். வேலை செய்யவில்லையென்றால் பெட்டியைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். சரியான எண்களை ஒரு அட்டையில் எழுதி, ஒவ்வொரு போனுக்கு அடியிலும் ஒட்டிவிடுங்கள்.