சுடாத முகம்

கேள்வி: அச்சுப்படத்தில் தன் சொந்த முகத்தை முதலில் செதுக்கிய ஐரோப்பியக் கலைஞர் ட்யூரர்தானே? ஜெர்மானியக் கலைஞர்களின் சுயத்தேடல் பற்றி விரிவாகச் சொல்லுங்களேன்.
– ஒரு வாசகர், தேனி

பதில்: சுயத்தேடலை நீங்களே தேடிக்கொள்ளுங்கள். எனக்கு உங்கள் கேள்வியில் பிடித்த சொல் 'சொந்த'.

ட்யூரர் இல்லை. பதின்மூன்று வயதிலேயே தன்னை வரைந்துகொண்டவர், 1500இல் கிட்டத்தட்ட ஏசுநாதராகவே தன்னைத் தீட்டிக்கொண்டவர், அச்சில் மட்டும் தன் முகத்தைத் தனிப்படமாக வெளியிடவே இல்லை. அவரை முந்திக்கொண்டவர் போஹோல்ட் ஊர்ப் பொற்கொல்லர் இஸ்ராயேல் வான் மெக்கெனெம். 1490 வாக்கில் செப்புத்தகட்டில் தன்னையும் மனைவி ஈடாவையும் சேர்த்துச் செதுக்கினார். கீழே லத்தீனில், 'இஸ்ராயேல், அவர் மனைவி ஈடா – இருவரின் முகங்கள்' என்று விலாசம் வேறு. நமக்குக் கிடைத்தவற்றில் இதுதான் முதல்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மனிதர் சுட்டுத் தள்ளுவதில் மன்னர். அறுநூறு சொச்சம் அச்சுப்படங்களில் பெரும்பாலானவை அடுத்தவர் சரக்கு. அதே காலத்துச் செதுக்குக் கலைஞர் ஷோன்கவுவரிடமிருந்து மட்டும் ஐம்பதுக்கு மேல். மாஸ்டர் இ.எஸ். (பெயர் தெரியாததால் முத்திரை எழுத்துகளாலேயே அழைக்கப்படும் கலைஞர்) இறந்த பிறகு அவருடைய தகடுகளே இவர் கைக்கு வந்தன. தேய்ந்த கோடுகளை மறுபடி கீறி, தன் பெயரைப் போட்டு விற்றார். இளைஞர் ட்யூரரின் படங்களும் தப்பவில்லை. ஆக, சொந்தச் சரக்கு அபூர்வமான ஆள் தன் மூஞ்சியை மட்டும் சொந்தமாகச் செதுக்கினார். வேறு யாராவது அதை முன்பே வரைந்திருந்தால் அதையும் சுட்டிருப்பார் என்பது என் துணிபு.

ட்யூரருக்கு இந்த விஷயத்தில் ரத்தக் கொதிப்பு. 1511இல் ஒரு நூலின் கடைசியில், பிறர் உழைப்பையும் மூளையையும் திருடுகிறவர்களை நேரடியாகவே மிரட்டினார். மறு ஆண்டு நியூரம்பர்க் நகரசபை முன்னால் ஒருவன் ட்யூரரின் பெயரெழுத்துகளான ஏ.டி. முத்திரையைப் போலியாகப் போட்டுப் படம் விற்றான். சபையின் தீர்ப்பு: முத்திரையை எடுத்துவிடு, இல்லையேல் படங்கள் பறிமுதல். படத்தைச் சுட்டது பற்றிப் பேச்சில்லை பாருங்கள்! எனக்கோ நேர்மாறான தலைவிதி. போன மாதம் இந்தப் பக்கத்துப் பதில் ஒன்று, மறைந்த விஞ்ஞானி ஒருவரின் பொன்மொழியாக, மைத்துனர் மூலம் எனக்கே வாட்ஸ்அப்பில் வந்தது. கீழே பூங்கொத்து. முன்பு என் கவிதை வரியைச் சுட்ட ஒரு கவிஞராவது பூங்கொத்து வைக்கவில்லை.

விட்டேன். தகட்டில் செதுக்குவது தாளில் இடம்வலம் மாறித்தான் விழும். ஈய எழுத்துக் கோத்த பழைய அச்சுக்கோப்பாளர் யாரையும் கேளுங்கள். கண்ணாடி பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால், கண்ணாடியின் திருப்பலும் அச்சின் திருப்பலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஊரார் பார்க்கும் முகமே தாளில் வரும். ஈடாவைக் கண்ணாடி இல்லாமல் எதிரே உட்காரவைத்துச் செதுக்கியிருந்தால்? கணவர் நேராக, பாவம், அவர் மட்டும் திரும்பி!

சிரிக்காதீர்கள். போன தீபாவளி மலரில் எங்கள் லேஅவுட் தம்பி பக்கத்துக்கு அழகாக இருக்கும் என்று என் மனைவியின் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டார். வலது மூக்கு மூக்குத்தி இடது மூக்குக்குப் போய்விட்டது. "எப்போ மறுபடி குத்திக்கிட்டீங்க?" என்று சம்பந்தியம்மா போனில் கேட்ட பிறகுதான் எனக்கே தெரியும்.