சராசரியை விட்டுவிட்டுக் கேற்றடிக் கொப்பியைப் பாருங்கள்

கேள்வி: பல சமூகங்களைச் சேர்ந்த, வெவ்வேறு வசதிகளில் வளர்ந்த பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களின் அடைவை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? அதை உயர்த்த உண்மையில் என்ன செய்கிறார்கள்?

திருகோணமலையில் ஒரு கலவன் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பாடசாலையின் பெயர் வேண்டாம், கீழே எழுதப் போவதில் பாதி எங்கள் பிழைகள்தான்.

"பல சமூகம்" என்பது எங்கள் பக்கம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூவரும் இருந்தாலும் பாடசாலைகள் மொழியால் பிரிந்தவை, சிங்களப் பிள்ளைகள் பெரும்பாலும் சிங்கள மொழிமூலப் பாடசாலைக்கே போவார்கள். என் வகுப்பில் எல்லாரும் தமிழில் படிப்பவர்கள். ஆனால் சமயப் பாடத்துக்கு மணி அடித்தால் வகுப்பு உடைந்துவிடும், சைவம் அங்கேயே இருக்கும், இஸ்லாம் நூலகத்துக்குப் போகும், கத்தோலிக்கப் பிள்ளைகள் நாலைந்து பேர் வேப்பமரத்தடிக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சமயத்தை விடப் பெரிய வித்தியாசங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. கரையில் நின்று மீன்வலை இழுக்கிற கரைவலைக்காரரின் மகன், வங்கி உத்தியோகத்தரின் மகள், தாய் குவைத்தில் வேலை செய்ய அம்மம்மாவோடு இருக்கிற பிள்ளை, கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பேரப்பிள்ளை, தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து இங்கே திரும்பி வந்த பிள்ளை எல்லாரும் ஒரே வாங்கில்.

கண்காணிப்பு என்று கடதாசியில் இருப்பது எளிது. வருடத்துக்கு மூன்று தவணை, தவணைக்கு ஒரு பரீட்சை, புள்ளிப் பட்டியல், முன்னேற்ற அறிக்கை, பெற்றோர் கையொப்பம். எல்லாம் போய் முட்டுகிற இடம் தரம் 11 முடிவில் வரும் க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சை. ஒன்பது பாடம், 75இலிருந்து ஏ, 65இலிருந்து பி, 50இலிருந்து சி, 35இலிருந்து எஸ், அதற்குக் கீழே டபிள்யூ, அதாவது பெயில். உயர்தரம் (தரம் 12, 13) படிக்க, பொதுவாகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தி (தேர்ச்சி) வேண்டும், அதில் மூன்று சி தரமாவது இருக்க வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள், திருகோணமலையும் அதில் ஒன்று. ஆனால் கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு எதற்கு? என்னைக் கேட்டால் எங்கள் தோணியில் ஓட்டை அங்கே இல்லை, இங்கே தரம் 11இல்தான்.

பெறுபேறு வந்ததும் கல்வி வலய அலுவலகத்தில் கூட்டம் நடக்கும். திரையில் ஒரு சலாகை வரைபு, பாடசாலைக்கு ஒரு சலாகை, சித்தி வீதம். எங்கள் சலாகை நடுவில் நிற்கும், அதிபர் நிம்மதியாகத் தேநீர் குடிப்பார். நானும் பல வருடம் அந்த நிம்மதியில்தான் இருந்தேன். வகுப்புச் சராசரி 46 என்றால் "பரவாயில்லையே" என்று தோன்றும். 46ஐச் சுற்றி எடுத்தவர்களே ஆளில்லை, ஒரு கூட்டம் 75க்கு மேல், இன்னொரு கூட்டம் 25க்குக் கீழ் என்பது பட்டியலை வரிசையாகப் பார்க்காதவரை தெரியாது. அமெரிக்காவில் 2002இல் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம் இதைத்தான் பிடித்தது: மொத்தச் சராசரி மட்டும் போதாது, இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர் என்று பிரித்தும் பெறுபேற்றைக் காட்டு என்றது. அந்தச் சட்டம் தண்டனையையும் சேர்த்துக் கொண்டுவந்ததில் பரீட்சைக்காகவே படிப்பிக்கும் பழக்கம் கூடிப்போனது என்று அங்கேயே நிறையத் திட்டினார்கள், 2015இல் வேறு சட்டம் வந்துவிட்டது. பிரித்துப் பார்ப்பது மட்டும் புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

சித்தி வீதத்தை உயர்த்தக் கள்ள வழி இருக்கிறது, நேர்மையாகச் சொல்கிறேன். பலவீனமான பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு "இந்த முறை எழுத வேண்டாம், அடுத்த முறை பார்ப்போம்" என்று மெதுவாகச் சொல்வது ஒன்று. நான் முன்பு இருந்த ஒரு பாடசாலையில் இது நடந்தது, நானும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது வழி பாவம் குறைந்த மாதிரித் தெரியும்: 28க்கும் 34க்கும் இடையில் நிற்கிறவர்களை மட்டும் பிடித்துத் தள்ளுவது. கணித வினாத்தாளுக்கு இது நன்றாகவே பொருந்தும். இரண்டு பத்திரத்துக்கும் மொத்தம் 200 புள்ளி, எஸ் எடுக்க 70 போதும். முதலாம் பத்திரத்தின் பகுதி 'அ'வில் 25 சின்னக் கேள்வி, தலா 2 புள்ளி. அதைப் பிழையில்லாமல் செய்து, பகுதி 'ஆ'வில் பத்துப் புள்ளிக் கேள்வி இரண்டைச் சரியாக முடித்தால் கதை முடிந்தது. இதை நான் செய்திருக்கிறேன், இப்போதும் செய்கிறேன், வெட்கமில்லை. ஆனால் அந்த நேரத்தில் 12 புள்ளிக்காரர் பின்வாங்கில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருப்பார்கள் என்பதும் உண்மை.

சரி, உண்மையில் எங்களுக்கு எது உதவியது என்றால், புள்ளிப் பட்டியலுக்குப் பக்கத்தில் வேறு கடதாசிகளை வைத்துப் பார்த்தது.

ஒரு பையன். தரம் 10. முதலாம் தவணையில் 50ஐத் தாண்டுவான், இரண்டாம் தவணையில் 20க்குக் கீழே விழுவான், மூன்றாம் தவணையில் திரும்ப எழும்புவான். அதற்கு முந்தின வருடமும் அதே ஏற்ற இறக்கம். நான் அறிக்கையில் "கவனயீனம்" என்று எழுதியிருக்கிறேன், இரண்டு முறை. வரவு இடாப்பில் அவன் வந்துதான் இருக்கிறான், இடையிடையே சில நாள் மட்டும் இல்லை. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தற்செயலாக ஒரு நாள் பாடசாலை வாசலில், கேற்றடியில் நிற்கும் மாணவர் தலைவனின் கொப்பியைப் புரட்டினேன், பிந்தி வருபவர்களின் பெயரை அவன் அதில் எழுதுவான். மே, ஜூன், ஜூலை பக்கமெல்லாம் இந்தப் பையனின் பெயர். பிந்தி வந்தால் முதல் பாடம் முடியும்வரை கேற்றடியில் நிற்க வேண்டும், அது எங்கள் சட்டம். இடாப்பிலோ அவன் "வந்தவன்". இல்லாத சில நாள்கள் எவை தெரியுமா, கேற்றடியில் நிற்க வெட்கப்பட்டு அப்படியே திரும்பிப் போன நாள்கள்.

அம்மம்மாவைக் கூப்பிட்டோம். "விடியக் கரைவலை இழுக்கப் போறான் டீச்சர், வேண்டாமெண்டாலும் கேக்கிறானில்லை, வீட்டில வேற ஆரு இருக்கினம்" என்றார். வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் கரையில் கரைவலை இல்லை, கடல் அடங்கினால்தான் வலை வளைப்பார்கள், அது சரியாக இரண்டாம் தவணையில் வந்து விழுகிறது. அந்த வகுப்புக்கு வாரத்தில் நான்கு நாள் கணிதம் முதலாம் பாடம். காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று நானே கேட்டு வாங்கிய நேரசூசி அது!

கொப்பியை முழுக்கப் பார்த்தபோது அவன் ஒருவன் இல்லை, அதே கரையோரத்திலிருந்து வருகிற இன்னும் ஐந்தாறு பேர். இரண்டாம் தவணைக்கு மட்டும் அந்த வகுப்பின் கணிதத்தை இடைவேளைக்குப் பிறகு மாற்றக் கேட்டேன். சும்மா கிடைக்கவில்லை. சித்திரப் பாட ஆசிரியருக்குக் கோபம், மத்தியான வெக்கையில் கணிதம் ஏறுமா என்று பிரதி அதிபருக்குக் கவலை (ஏறுவது கஷ்டம்தான், மின்விசிறி இரண்டில் ஒன்று ஓடாது). கேற்றடிச் சட்டத்தையும் மாற்றினோம், பிந்தினால் பெயரை எழுதிவிட்டு நேரே வகுப்புக்கு. பையன் ஏ எடுத்தான் என்றெல்லாம் நினைக்காதீர்கள், சி எடுத்தான். கரைவலையை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை?

அடுத்தவள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து வந்த பிள்ளை. கணக்கு நன்றாகச் செய்வாள் என்று தாய் சொன்னார், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள், தவணைப் பரீட்சையில் பாதிக் கேள்வி வெறுமையாக இருக்கும். விடைத்தாளைக் கேள்வி கேள்வியாகப் பிரித்து, எதைத் தொட்டாள் எதைத் தொடவில்லை என்று அடையாளமிட்டபோதுதான் பிடிபட்டது. இலக்கமும் சமன்பாடும் மட்டும் உள்ள கேள்வி எல்லாம் சரி. "பொதுக் காரணிகளுட் பெரியது" என்று கேட்டால் வெறுமை. அவள் படித்தது "மீப்பெரு பொது வகுத்தி". அவளுக்கு வடிவியல், எங்களுக்குக் கேத்திரகணிதம். அவளுக்கு இயற்கணிதம், எங்களுக்கு அட்சரகணிதம். விஞ்ஞானத்தில் இன்னும் மோசம், ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன், ஹைட்ரஜன் ஐதரசன், வேதியியல் இரசாயனவியல். எல்லாம் தமிழ்தானே என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை, சிங்களத்திலிருந்து வந்த பிள்ளை என்றால் உடனே யோசித்திருப்போம். விஞ்ஞான ஆசிரியை ஒரு பிரிஸ்டல் அட்டையில் இரண்டு நிரலாக எழுதிச் சுவரில் ஒட்டினார். இடதுபக்க நிரலை நிரப்பியது அந்தப் பிள்ளைதான். அன்றைக்குத்தான் அவளுடைய குரலை வகுப்பு முதல்முறை ஒழுங்காகக் கேட்டது.

இப்படிக் கேள்வி கேள்வியாகப் பிரிப்பது புதுசு இல்லை, பரீட்சைத் திணைக்களமே ஒவ்வொரு பாடத்துக்கும் எந்தக் கேள்வியில் நாட்டுப் பிள்ளைகள் விழுந்தார்கள் என்று மதிப்பீட்டு அறிக்கை போடுகிறது. அதைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு, அதே வேலையைத் தங்கள் வகுப்புக்குச் செய்கிறவர்கள் இன்னும் குறைவு. பெரிய மென்பொருள் ஒன்றும் வேண்டாம். ஒரு எக்செல் தாள், பிள்ளைக்கு ஒரு நிரை, கேள்விக்கு ஒரு நிரல், சரி என்றால் 1, பிழை என்றால் 0, தொடவே இல்லை என்றால் வெறுமை. பிழையையும் வெறுமையையும் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், இரண்டும் வெவ்வேறு வியாதி. ஒரு வகுப்புக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

எங்கள் தாளில் கீழ்வரிசை முழுக்க ஒரே இடத்தில் விழுந்திருந்தது: பின்னம். சதவீதம், வட்டி, விகிதம், நிகழ்தகவு எல்லாம் அங்கே போய்த்தான் நிற்கின்றன. 2020லும் 2021லும் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது அந்தப் பிள்ளைகள் பின்னம் படிக்கிற வயதில் இருந்தார்கள், வீட்டில் நல்ல போன் இருந்தவர் சூமில் பார்த்தார், மற்றவர் பார்க்கவில்லை. தரம் 11 பாடத்திட்டத்தை ஓட்டிக்கொண்டே தரம் 6 பின்னத்துக்குத் திரும்ப வேண்டும். பரிகாரக் கற்பித்தல் என்று அழகாகப் பெயர், வகுப்பு புதன்கிழமை ஒன்றரைக்குத் தொடங்கும். போன தவணை தோசையை வெட்டித்தான் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று படிப்பித்தேன், இடியப்பத்தை வெட்ட முடியாது என்று ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான். வருகிறார்கள், அதில் குறையில்லை. ஆனால் தூரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்கு, அதனால் இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடும். பஸ்ஸைப் புதன்கிழமை மட்டும் அரை மணி பிந்தி எடுக்கச் சொல்லி அதிபர் கடிதம் கொடுத்திருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.