வளர்ச்சி நின்றுபோன இளம் கூடைப்பந்து நட்சத்திரத்தை அணி டிரேட் செய்துவிடலாமா, காத்திருக்கலாமா?

டிரேட் செய்யலாம், அதாவது வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு ஆள் வாங்கலாம். ஆனால் பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே செய்துவிட வேண்டும். ஆண்ட்ரூ விக்கின்ஸ் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கு ஆடிய ஐந்தரை சீசனையும், இந்திய நேரத்துக்கு விடியற்காலையில் எழுந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அணிகள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், 2014-இல் விக்கின்ஸ் முதல் ஆளாகத் தேர்வானவர். எடுத்தது கிளீவ்லேண்ட் அணி. நட்சத்திர வீரர் லெப்ரான் ஜேம்ஸ் அங்கே திரும்பி வந்ததும், மினசோட்டாவில் இருந்த கெவின் லவ்வை வாங்குவதற்காக இவரை மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக வீரர் விருது. மூன்றாவது சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 23.6 புள்ளி. அப்போது 22 வயது. அடுத்த படி எப்போது ஏறுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அடுத்த சீசன் 17.7, அதற்கடுத்த சீசன் 18.1.

புள்ளி இறங்கியதைக்கூட விட்டுவிடலாம். நட்சத்திர வீரர் ஜிம்மி பட்லர் மினசோட்டாவுக்கு வந்த பிறகு விக்கின்ஸ் கைக்குப் பந்து வருவதே குறைந்தது. என்னை உறுத்தியது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் நின்று தனியாகப் போடும் ஷாட். முதல் மூன்று சீசனும் நூற்றுக்கு 76 போட்டுக்கொண்டிருந்தவர் நான்காவது சீசனில் 64-க்கு வந்துவிட்டார். அந்தக் கோட்டில் நிற்கும்போது மறிக்க ஆள் கிடையாது, பாஸ் வரவில்லை என்று சொல்லவும் முடியாது. வளர்ச்சி நின்றிருக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்கள் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். இன்னொன்று, அவருடைய வழக்கமான ஷாட். இரண்டு தட்டு தட்டி, சுழன்று, மூன்று புள்ளிக் கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று, பின்னால் சாய்ந்தபடி போடுவார். விழுந்தால் அழகு. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து போட்டும் இரண்டே புள்ளிதான். 19 வயதில் போட்ட அதே ஷாட்டை 23 வயதிலும் போட்டுக்கொண்டிருந்தார்.

பழி முழுவதும் அவர் மேல் போட முடியாது. முதல் பயிற்சியாளர் ஃபிளிப் சாண்டர்ஸ் 2015 அக்டோபரில் இறந்துபோனார். அப்புறம் சாம் மிட்செல், டாம் திபடோ, ரயன் சாண்டர்ஸ் என்று ஐந்தே சீசனில் நான்கு பேர். வருஷத்துக்கு ஒரு வாத்தியார் மாறினால் எந்தப் பையன் ஒழுங்காகப் படிப்பான்?

ஆனாலும் முடிவெடுக்க வேண்டிய நேரம் 2017-இல் வந்தது. ஐந்து ஆண்டு, சுமார் 14.7 கோடி டாலர் ஒப்பந்தம். கையெழுத்துக்கு முன், இன்னும் முன்னேறுவேன் என்று அவர் தன்னிடம் நேரில் உறுதி சொல்ல வேண்டும் என அணியின் உரிமையாளர் கிளென் டெய்லர் வெளிப்படையாகவே பேசினார். மனதில் அத்தனை சந்தேகம் இருந்தால் அன்றைக்கே விலை பேசியிருக்க வேண்டும். 23 புள்ளி எடுக்கும் 22 வயதுக்காரருக்கு எந்த அணியும் நல்ல விலை கொடுத்திருக்கும். அந்த ஒப்பந்தம் போட்ட பிறகு என்ன ஆனது? 2020 பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட் அணியிடமிருந்து டி'ஆஞ்சலோ ரஸ்ஸலை வாங்க, விக்கின்ஸோடு 2021 டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வையும், அதாவது ஒரு புது வீரரை எடுக்கும் உரிமையையும், சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இதைத்தான் இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

விக்கின்ஸ் அங்கே போய் ஆளே மாறினார் என்கிறார்கள். மாறியது அவருடைய வேலை. கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃப் கரியும் டிரேமண்ட் கிரீனும் ஆட்டத்தை நடத்தினார்கள். எதிரணியின் சிறந்த வீரரை மறிப்பது, காலியாக நிற்கும்போது மூன்று புள்ளி போடுவது, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்ட்) குதிப்பது ஆகியவைதான் இவர் பொறுப்பு. 2022 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் கரி எறிந்த ஒன்பது மூன்று புள்ளி ஷாட்டில் ஒன்றுகூட விழவில்லை. அன்று விக்கின்ஸ் 26 புள்ளி, 13 ரீபவுண்ட். தொடர் முழுக்க எதிரணியான பாஸ்டனின் நட்சத்திரம் ஜேசன் டேட்டம் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தார். கோல்டன் ஸ்டேட் கோப்பையை வென்றது. எனக்குச் சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தன.

அதனால் விக்கின்ஸைக் கொடுத்ததைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். மினசோட்டாவில் இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சின்ன வேலை கிடைத்திருக்காது. முதல் தேர்வு, பெரிய சம்பளம் என்பதால் அவரேதான் அணியைச் சுமக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். உங்கள் அணியிலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பையனுக்கு ஏற்ற அளவு வேலை நம்மிடம் இருக்கிறதா? இருந்தால் அதைக் கொடுத்து, அதற்கேற்ற சம்பளமும் பேசி, இன்னொரு ஆண்டு பொறுங்கள். இல்லையென்றால் மற்ற அணிகள் அவரை இன்னும் நட்சத்திரமாகப் பார்க்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

அந்த 2021 தேர்வு ஏழாவது இடத்தில் விழுந்தது. கோல்டன் ஸ்டேட் அதில் எடுத்த 18 வயதுப் பையன் ஜோனதன் குமிங்கா. 2025 கோடை முழுக்க அவர் ஒப்பந்தம் இழுபறியாகக் கிடந்தது. செப்டம்பர் கடைசியில்தான் உடன்பாடு ஆனது. அந்த மூன்று மாதமும் கோல்டன் ஸ்டேட் ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள் கேட்ட இதே கேள்விதான்.