கேள்வி–பதில்: ஒட்டாத சுவரொட்டியும் ஒட்டிக்கொண்ட பொய்யும்

கேள்வி: கோப்பை, பனியன் என்று கண்ட இடத்திலெல்லாம் இருக்கிறதே, ‘பதறாமல் வேலையைப் பார்’ என்ற பிரிட்டிஷ் வாசகம். இரண்டாம் உலகப் போரில் குண்டுமழைக்கு நடுவே லண்டன் மக்களுக்குத் தைரியம் கொடுத்தது அதுதானாமே?

பதில்: கொடுத்திருக்க வழியே இல்லை, அன்றைக்கு அதைப் பார்த்தவர்களே அபூர்வம்! 1939-ல் பிரிட்டனின் தகவல் அமைச்சகம் மூன்று சுவரொட்டிகள் தயாரித்தது. இரண்டை ஒட்டினார்கள். மூன்றாவதான இதை, பெரிய குண்டுவீச்சு வரும்போது வெளியே எடுக்கலாம் என்று சுமார் 24.5 லட்சம் பிரதிகள் அச்சடித்து அடுக்கி வைத்தார்கள். குண்டுவீச்சு 1940 செப்டம்பரில் வருவதற்குள் காகிதத் தட்டுப்பாடு வந்துவிட்டது, அடுக்கில் பெரும்பகுதி கூழாகிப் போனது. 2000-ல் வடக்கு இங்கிலாந்தின் ஆனிக் ஊரில், ஒரு பழைய புத்தகக் கடையில், ஏலத்தில் எடுத்த பெட்டியின் அடியில் ஒரு பிரதி கிடைத்தது. சட்டம் போட்டு மாட்டினார்கள், வந்தவர்களெல்லாம் எனக்கொன்று என்று கேட்டார்கள். அதன் புகழ் அங்கே ஆரம்பித்ததுதான்.

ஒட்டிய சுவரொட்டியின் கதை இன்னும் வேடிக்கை. ‘உங்கள் தைரியம், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி நமக்கு வெற்றி தரும்.’ ஆங்கிலத்தில் ‘நமக்கு’, ‘எங்களுக்கு’ இரண்டுக்கும் ஒரே சொல்தானே, மக்கள் அதை ‘எங்களுக்கு’ என்றே படித்தார்கள்: கஷ்டம் உங்களுக்கு, வெற்றி எங்களுக்கு! அமைச்சகத்துக்கு நல்ல திட்டு விழுந்தது. தமிழில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பார்கள்.

கேள்வி: சர்வாதிகார நாடுகளில் மக்கள் இப்படிக் கிண்டல் செய்திருக்க முடியுமா?

பதில்: வெளிப்படையாக முடியாது, ஆனால் குறும்பு எங்கேதான் இல்லை? 1940-ல் ஜப்பானில் ‘ஆடம்பரம் எதிரி’ என்று பலகைகள் வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் எதிரிக்கு ‘தெகி’ என்று பெயர். முன்னால் ‘சு’ சேர்த்தால் ‘சுதெகி’, அதாவது அருமை. யாரோ அந்த ஒரே எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள்: ஆடம்பரம் அருமை! 1942-ல் நடந்த வாசகப் போட்டியில் ‘ஜெயிக்கும்வரை எதுவும் கேட்கமாட்டோம்’ என்று எழுதியதாக ஒரு பள்ளிச் சிறுமியைக் கொண்டாடினார்கள். எழுதியது அவளுடைய அப்பா என்பது போருக்குப் பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: போர்க்காலப் பொய்களிலேயே மோசமானது எது?

பதில்: என்னைக் கேட்டால், முதல் உலகப் போரின் ‘பிணத் தொழிற்சாலை’. ஜெர்மானியர்கள் செத்த சிப்பாய்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று 1917-ல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. ஜெர்மன் செய்தியில் இருந்த ‘கடாவர்’ என்ற சொல் அந்த மொழியில் சாதாரணமாக விலங்கின் பிணத்தைத்தான் குறிக்கும். அங்கே காய்ச்சியதும் செத்த குதிரைகளைத்தான். 1925-ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின், கதை பொய் என்ற ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டார். சரி, முடிந்ததா? இல்லை. இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறார்கள் என்ற செய்திகள் லண்டனுக்கு வந்தபோது, இதுவும் அந்தப் பழைய பிணக் கதை மாதிரிதான் என்று சந்தேகப்பட்ட அதிகாரிகள் இருந்தார்கள். இந்தத் தடவை செய்தி உண்மை.