என் அக்காவின் விதவை உதவித்தொகை மனுவைத் தள்ளிவிட்டார்கள், வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் அக்காவிடம் மறுப்புக்கான காரணத்தை வாயால்தான் சொல்லியிருப்பார்கள், எழுத்தில் எதுவும் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் சித்திக்கும் அப்படித்தான் நடந்தது.

சித்தப்பா மூட்டை தூக்கிப் பிழைத்தவர். அவர் போன பிறகு சித்தி இ-சேவை மையத்தில் மனு போட்டார். "வளர்ந்த மகன் இருக்கும்போது நீங்க எப்படிம்மா ஆதரவற்ற விதவை?" என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். வாடகையும் பிள்ளைகள் படிப்பும் போக அவனுக்கே மிஞ்சுவதில்லை. அவனையும் குறை சொல்ல முடியாது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போனோம். கோர்ட் என்றதும் சித்தி பயந்தார். வழக்கு இருந்தால்தான் அங்கே போகலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானம் பார்க்க மாட்டார்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகளுக்கும் அப்படியே. அரசு நலத்திட்டங்கள் ஏழைகளுக்குக் கிடைக்க உதவுவதற்கென்றே தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2015-இல் தனித் திட்டம் போட்டிருக்கிறது.

அங்கிருந்த வக்கீலம்மா சித்தியை உட்கார வைத்து அவரிடமே பேசினார். நான் குறுக்கே பதில் சொல்லப் போனபோது, "அவங்களே சொல்லட்டும்" என்றார். கேஸ் சிலிண்டருக்கு யார் பணம் தருகிறார்கள், பிரஷர் மாத்திரை எங்கே வாங்குகிறீர்கள், மகன் கடைசியாக எப்போது பணம் அனுப்பினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சித்தி சொன்ன பதில்களே மனுவாயின. கடைசியில், நிராகரிப்பதானால் காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தரவும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரிதான் வேலை செய்தது என்று இன்றும் நம்புகிறேன். மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்கினோம். கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்து மறுபடி விசாரித்தார்கள், அப்புறம் உத்தரவு வந்தது.

எல்லா மாவட்டத்திலும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அலைய விடுகிறார்கள் என்ற புகார்களும் உண்டு, மறுக்கவில்லை. இலவசத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று கேட்க வருபவர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டில் இந்தத் தொகையை 2023 ஆகஸ்டில் உயர்த்தியபோதும் மாதம் 1,200 ரூபாய்தான் ஆனது. அதில் ஒரு மாதம் வாழ்ந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் மாதப் பணம் வந்ததுமே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். இருப்பே வைக்கத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. கணக்குத் தொடங்கும்போது எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணிடம் அதை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி கவுன்டர் முன்னால் நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சட்ட உதவிக்கான 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு, உங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, கணவரின் இறப்புச் சான்றிதழ், இ-சேவை ஒப்புகைச் சீட்டு எல்லாவற்றிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மனு என்ன ஆனது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். போகும்போது அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவரையே பேச விடுங்கள்.