சட்டையில் தொடங்குங்கள்

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 2 மாதம் ஆகிறது. வலது கையில் பலமில்லை. ஆக்குபேஷனல் தெரபிக்கு மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகவா பழக்குவார்கள்? சட்டைகூட அம்மாதான் போட்டுவிடுகிறார்.
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: பெயர்தான் அப்படி. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவதுதான் இங்கே 'வேலை'.

சட்டையில் தொடங்குங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவார். பாதம் தரையில் நன்றாகப் படியும் கைவைத்த நாற்காலிதான் சரி. பலமில்லாத கையை முதலில் நுழைத்து, சட்டையைத் தோள் வரை ஏற்றிய பிறகே முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். இதை மாற்றிச் செய்தால் தளர்ந்த கையைப் பின்னால் இழுக்க நேரும். தோள் மூட்டு இறங்கி வலி பிடித்துக்கொள்ளும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் அதே கெடுதல்தான்.

வேட்டிக்கு வெல்க்ரோ வைத்தது கடையிலேயே கிடைக்கிறது.

சாப்பிடும்போது தட்டு வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி போடுங்கள். ஸ்பூன் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் விரல் பிடிக்கும். குந்தும் கழிப்பறை மேல் கமோடு நாற்காலி போடலாம்.

முதலில் சட்டை போடவே 20 நிமிடம் ஆகலாம். அம்மா பொறுக்காமல் கைகொடுத்துவிடுவார். அங்கேதான் பயிற்சி கெடுகிறது. கடைசிப் பட்டனை மட்டும் அம்மா போடட்டும்.