டபுள் கிளிக் செய்தால் கிராஷ், மெனு வழியாகத் திறந்தால் சரி: எங்கே தேடுவது?

கேள்வி: லினக்ஸில் ஓடும் ஒரு டெஸ்க்டாப் மென்பொருளின் பராமரிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சி மொழியில் எழுதியது. சில கோப்புகளை டபுள் கிளிக் செய்தால் ஜன்னல்கூட வராமல் கிராஷ் ஆகிறது. அதே கோப்பை மெனு வழியாகத் திறந்தால் ஒன்றும் ஆவதில்லை. டெர்மினலில் பெயரைக் கொடுத்து ஓட்டினாலும் விழவில்லை. எங்கிருந்து தேடுவது?

பதில்:

முதலில், கோப்பின் உள்ளே தேடாதீர்கள். மெனு வழியாகத் திறக்கிறது என்றால் கோப்பைப் படிக்கும் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. மென்பொருள் தொடங்கும்போது அதன் கையில் வந்து சேரும் கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட் (கோப்புப் பெயர் போல, தொடங்கும்போதே கொடுக்கப்படும் சொல்) மீதுதான் எனக்குச் சந்தேகம். "டெர்மினலிலும் அதே பெயரைத்தானே கொடுத்தேன்?" என்பீர்கள். பார்த்தால் அதே பெயர்தான், ஆனால் மென்பொருளுக்குப் போய்ச் சேர்ந்தது வேறாக இருக்கலாம்.

உங்கள் மென்பொருளின் டெஸ்க்டாப் கோப்பில் (மென்பொருளை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் .desktop கோப்பு) 'எக்ஸெக்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அதன் கடைசியில் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் இருக்கும். எஃப் என்று இருந்தால் டபுள் கிளிக்கில் சாதாரண பாத் (கோப்பு இருக்கும் இடம்) வரும். யு என்று இருந்தால் file:// என்று தொடங்கும் யுஆர்எல் வரலாம். யுஆர்எல்லில் ஸ்பேஸுக்கு இடமில்லை. அது %20 ஆகிவிடும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் சதவீதக் குறி போட்ட மூன்று துண்டுகளாக உடையும். டெர்மினலில் நாம் யுஆர்எல் அடிப்பதில்லை, அதனால் அங்கே விழாது.

எங்கள் குழுவில் இதே கதை நடந்தது. குறிப்பெழுதும் ஒரு சின்ன மென்பொருள், பல கை மாறி வந்த பழைய கோடு (நிரல்). வந்த புகார்களைச் சேர்த்துப் பார்த்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆங்கிலத்தில் 'மை சாங்ஸ்' என்று பெயர் வைத்த கோப்பு விழுகிறது. 'மை டைரி' விழவில்லை. 'மை நோட்ஸ்' ஒருவர் கணினியில் விழுகிறது, இன்னொருவர் கணினியில் வேறு விதமான செய்தியோடு விழுகிறது. தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் பெரும்பாலும் திறந்துவிடும், ஆனால் லாக்கில் (மென்பொருள் தான் செய்வதைக் குறித்துவைக்கும் பதிவில்) பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தசமப் புள்ளி வைத்த எண்கள் வரிசையாக நிற்கும். கோப்பின் பெயர் எப்படி எண் ஆகும்? அந்த லாக்தான் துப்பு கொடுத்தது.

ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் ஓடவிட்டு, விழுந்ததும் பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்தோம். உச்சியில் எஸ்டிஆர்லென் (ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடரின் நீளம் அளப்பது). அதற்குக் கீழே விஎஃப்பிரிண்ட்எஃப் (அச்சிடும் பிரிண்ட்எஃப் குடும்பத்தில் ஒன்று), அடுத்து எங்கள் லாக் ஃபங்ஷன், அடுத்து நேராக மெயின் (மென்பொருள் தொடங்கும் ஃபங்ஷன்). அதாவது கோப்பைத் திறக்கும் வரிக்கே போய்ச் சேரவில்லை. 'இந்தக் கோப்பைத் திறக்கப் போகிறேன்' என்று லாக்கில் எழுதும் வரியிலேயே ஆள் காலி. அந்த வரியில் யாரோ எப்போதோ ஆர்க்யுமென்ட்டை அப்படியே லாக் ஃபங்ஷனின் முதல் இடத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த இடம் பிரிண்ட்எஃப் வகை ஃபார்மட்டுக்கு, அதாவது எதை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் ஸ்ட்ரிங்குக்கு உரியது. அங்கே எது வந்தாலும், அதில் சதவீதக் குறியைக் கண்டால் கட்டளையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

இப்போது 'மை சாங்ஸ்' பெயரைப் பாருங்கள். %20-ஐ அடுத்து வரும் எழுத்து எஸ். பிரிண்ட்எஃப்பின் கணக்கில் அதற்குப் பொருள், '20 எழுத்து அகலத்தில் ஒரு ஸ்ட்ரிங் அச்சிடு' என்பது. எந்த ஸ்ட்ரிங்? நாம்தான் எதையும் கொடுக்கவில்லையே. ரிஜிஸ்டரில் (பிராசசரின் உள்ளே உள்ள சேமிப்பிடத்தில்) முன்பு ஓடிய கோடு விட்டுப்போன ஏதோ ஓர் எண்ணை முகவரி என்று நம்பி அங்கே போய் நீளம் அளக்கப் பார்க்கிறது, விழுகிறது. 'டைரி'யில் %20-க்கு அடுத்தது டி. அது முழு எண் அச்சிடும் கட்டளை, ஏதோ ஒரு எண்ணை அச்சிட்டுவிட்டுத் தப்பிவிடும். 'நோட்ஸ்' இருப்பதிலேயே மோசம். %20-க்கு அடுத்து வரும் ஆங்கில 'என்' (n) என்ற கட்டளை இதுவரை எத்தனை எழுத்து அச்சாயிற்று என்பதை நினைவகத்தில் போய் எழுதும். ஃபோர்ட்டிஃபை என்ற கூடுதல் பாதுகாப்புச் சோதனையோடு கம்பைல் செய்த இடங்களில் ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) அதைப் பிடித்துத் தானே நிறுத்திவிடும். வேறு செய்தி வந்தது அதனால்தான். தமிழ்ப் பெயர்களில் வந்த தசம எண்களுக்கும் இதே காரணம். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து எல்லாமே, பதினாறடிமானத்தில் எழுதினால், ஆங்கில ஈ-யில் தொடங்கும் ஒரு பைட்டோடும், அடுத்து ஏ-யில் தொடங்கும் பைட்டோடும் வருகின்றன. இரண்டுமே பிரிண்ட்எஃப்புக்குப் புள்ளி வைத்த எண் அச்சிடும் கட்டளைகள்: ஈ தசமத்தில் அச்சிடும், ஏ பதினாறடிமானத்தில் அச்சிடும்.

டீபக் பில்டில் (பிழை தேடுவதற்காகக் கம்பைல் செய்தது) விழாமல் ரிலீஸ் பில்டில் (பயனர்களுக்குப் போவது) மட்டும் விழுந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். ரிஜிஸ்டரில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம் இது.

உங்களுடையதும் இதேதானா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது சுலபம். சிஸ்டம்டி (லினக்ஸில் சேவைகளை நிர்வகிப்பது) உள்ள கணினி என்றால், கிராஷ் விவரங்களைக் காட்டும் கோர்டம்ப்சிடிஎல் கட்டளை தரும் விவரத்தில் விழுந்த மென்பொருளின் கமாண்ட் லைன் முழுவதும் இருக்கும். அதை அப்படியே எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, டெர்மினலில் ஓட்டுங்கள். விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, திருத்தம். லாக் வரியில் ஃபார்மட்டாக ஸ்ட்ரிங் அச்சிடும் குறியைக் கொடுத்து, ஆர்க்யுமென்ட்டை இரண்டாவதாகத் தள்ளுங்கள். கிராஷ் அதோடு நிற்கும், ஆனால் கோப்பு திறக்காது. கையில் இருப்பது இன்னும் யுஆர்எல்தான். இங்கே பலர் %20-ஐத் தேடி ஸ்பேஸாக மாற்றும் குறுக்கு வழிக்குப் போவார்கள். வேண்டாம். உண்மையிலேயே பெயரில் %20 உள்ள கோப்பை, அதன் சாதாரண பாத் வந்தாலும், அது கெடுத்துவிடும். ஜிலிப் (முன்பு சொன்ன ஜிலிப்சி அல்ல, டெஸ்க்டாப் மென்பொருள்கள் பயன்படுத்தும் வேறொரு நூலகம்) என்பதன் ஜிஐஓ பகுதியில் கமாண்ட் லைன் ஆர்க்யுமென்ட்டுக்கென்றே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பாத் வந்தாலும் யுஆர்எல் வந்தாலும் பிரித்துப் புரிந்துகொள்ளும்.

அப்புறம், கம்பைலர் ஏன் எச்சரிக்கவில்லை என்று கேட்கலாம். நேராக பிரிண்ட்எஃப்பை அழைத்து, கம்பைலரில் ஃபார்மட்-செக்யூரிட்டி எச்சரிக்கையையும் இயக்கியிருந்தால் அது வந்திருக்கும். நடுவில் சொந்த லாக் ஃபங்ஷன் நின்றதால் கம்பைலருக்கு விஷயம் தெரியாது. அந்த ஃபங்ஷனின் அறிவிப்பில் 'ஃபார்மட்' ஆட்ரிப்யூட் (இதுவும் பிரிண்ட்எஃப் வகைதான் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்து, அந்த எச்சரிக்கையை இயக்கி மறுபடி கம்பைல் செய்யுங்கள். எங்களுக்கு அப்போது இன்னும் சில வரிகள் மாட்டின.

இதை யாரோ கற்றுக்குட்டி எழுதிய கோடு என்று சிரிக்க வேண்டாம். நிர்வாகி உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் சூடோவில் 1.8.0 முதல் 1.8.3பி1 வரை இதே வகைப் பிழை இருந்தது: டீபக் செய்தி எழுதும்போது மென்பொருளின் சொந்தப் பெயர், அதாவது ஆர்க்வியின் (ஆர்க்யுமென்ட் பட்டியலின்) முதல் இடத்தில் இருப்பது, ஃபார்மட்டுக்குள் போய்விட்டது. அந்தப் பெயரை அழைப்பவர் தன் இஷ்டத்துக்கு வைக்கலாம் என்பதால் 2012 ஜனவரியில் அது பாதுகாப்புப் பிழையாகவே வெளியானது. சூடோ போலவே வேலை செய்யும் பிகேஎக்ஸெக்கின் கதை இன்னும் பெரியது. ஆர்க்யுமென்ட்டே இல்லாமல், எண்ணிக்கை பூஜ்யமாக, ஒருவர் அழைக்கக்கூடும் என்று 2009-இல் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. 2022 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்தப் பிழையை வெளியிட்டது. லினக்ஸ் கெர்னல் 5.18 முதல், காலியாக அழைத்தால் கெர்னலே ஒரு வெற்று ஸ்ட்ரிங்கை வைத்து அனுப்புகிறது.

விண்டோஸிலும் உங்கள் மென்பொருள் ஓடுகிறதா? அங்கே கிராஷுக்கு வேறு வாசல். சாதாரண மெயினுக்கு வரும் ஆர்க்யுமென்ட் பழைய கோட்பேஜுக்கு (ஒவ்வொரு மொழிக்கும் வைத்திருந்த எழுத்துக் குறியீட்டுப் பட்டியலுக்கு) மாற்றப்பட்டு வருகிறது. விண்டோஸ் இதற்குப் பயன்படுத்தும் கோட்பேஜ்களில் தமிழுக்கென்று ஒன்று கிடையாது. தமிழ்ப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாக வந்து சேரும். விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறிக்கு அனுமதி இல்லை என்பதால் கோப்பைத் திறக்கும் எஃப்ஓபன் தோற்றே தீரும், அதைச் சோதிக்காத அடுத்த வரி விழும். அகன்ற எழுத்து மெயினுக்கு (யூனிகோடிலேயே ஆர்க்யுமென்ட் பெறும் wmain) மாறுங்கள், அல்லது விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல் உள்ள வசதிப்படி மேனிஃபெஸ்ட்டில் (மென்பொருளோடு இணையும் அமைப்புக் கோப்பில்) யுடிஎஃப்-8 என்று அறிவியுங்கள்.

பேட்ச் (திருத்தம்) அனுப்பும்போது லாக் வரித் திருத்தத்தையும் யுஆர்எல் மாற்றத்தையும் தனித்தனி கமிட்டாக (தனியாகப் பதிவாகும் மாற்றமாக) பிரியுங்கள். முதலாவது பாதுகாப்புத் திருத்தம். டெபியன் போன்ற டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) அதை மட்டும் உருவிப் பழைய பதிப்பில் சேர்க்க விரும்புவார்கள். இரண்டாவது மென்பொருளின் நடத்தையையே மாற்றுவது. ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்து எடுக்க அவர்கள் தயங்குவார்கள், முதலாவதும் தள்ளிப்போகும்.